குரோதி வருடத்துக் கணக்கு

சித்திரை முதல் நாள் காலையில் எங்கள் வீட்டில் இரண்டு வேலைகள் தவறாமல் நடக்கும். அத்தை வேப்பம்பூப் பச்சடிக்கு வெல்லம் தட்டுவார். நான் பழைய கணக்கு நோட்டைக் கூட்டி முடித்துவிட்டு, புதிய நோட்டின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவுவேன். இந்த முறை பச்சடி ஆறி, அதைச் சுற்றி ஈ வந்த பிறகும் என் வேலை முடியவில்லை. கணக்கு நாற்பத்தைந்து ரூபாய் உதைத்தது. மூன்று முறை கூட்டினேன். கடைசியில் பார்த்தால், கார்த்திகை மாதப் பக்கத்தில் 72 என்று இருந்ததை 27 என்று படித்திருக்கிறேன். பிழை திருத்திப் பிழைப்பவளுக்கு இந்த அவமானம் வேண்டியதுதான்.

ஆக மொத்தம், சில்லறையை விட்டுவிட்டால், 1,92,500 ரூபாய். குரோதி வருடத்தில், அதாவது 2024 ஏப்ரல் 14 முதல் 2025 ஏப்ரல் 13 வரை, நான்கு பேர் சாப்பிட்டு, உடுத்தி, ஊரில் நல்லது கெட்டதற்குப் போய் வந்த செலவு. போட்டிருந்த எல்லை 1,90,000. இரண்டாயிரத்து ஐந்நூறு கூடிவிட்டது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதில் பாதி மழை, பாதி என் முட்டாள்தனம்.

வரவைச் சொல்லாமல் செலவை மட்டும் சொல்வது சரியில்லை. நான் மதுரையில் ஓர் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறேன். சம்பளம் 11,000. கணவர் வேலை பார்த்த நூற்பாலை மூடிவிட்டது. அதிலிருந்து மாதம் 2,140 ரூபாய் ஓய்வூதியம் வருகிறது. மாலை நேரத்தில் ஒரு மண்டியில் கணக்கு எழுதப் போகிறார், அதற்கு 4,000. 2023 செப்டம்பரிலிருந்து எனக்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம். மகள் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள், இப்போது அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு; புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கும் மாதம் ஆயிரம் வருகிறது. அந்த ஆயிரத்தை மட்டும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அது அவள் பணம். நான்காவது ஆள் அத்தை, என் மாமியார். வயது 81.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு வாடகை கிடையாது. செல்லூரில் மாமனார் வாங்கிப் போட்ட ஒன்றரை சென்ட் இடத்தில், அவரே நின்று கட்டிய வீடு. எங்கள் தெருவில் இதே அளவு வீட்டுக்கு மாதம் ஆறாயிரத்துக்குக் குறையாமல் கேட்கிறார்கள். வருடத்துக்கு 72,000. அந்தத் தொகையைச் சேர்த்துப் பார்த்தால் என் நோட்டும் கிழிந்துவிடும், என் திறமையும் வெளுத்துவிடும். சிக்கனமாக வாழ்வது பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு வரியை விழுங்கிவிடுகிறார்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு இந்த வரவில் தலை நிமிர்ந்து நிற்பவர்கள் யாராவது எழுதினால், நான் பேனாவை மூடி வைத்துவிட்டு அதைப் படிப்பேன்.

கல்யாணமான புதிதில் நானும் மாதக் கணக்குதான் எழுதினேன். ஒன்றாம் தேதி எல்லை போடுவது, முப்பதாம் தேதி மீறுவது. மீறிய மாதங்களில் ஓரத்தில் ஒரு சமாதானம் எழுதி வைப்பேன். 2013ஆம் வருடம் ஒரு நாள், வேறு எதையோ தேடும்போது அந்த நோட்டு கையில் அகப்பட்டது. அச்சகப் பழக்கத்தில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தேன். பன்னிரண்டு பக்கங்களில் பதினொன்றின் ஓரத்தில் ‘இந்த மாதம் மட்டும்’ என்று என் கையெழுத்தில் இருந்தது. சித்திரையில் திருவிழா, இந்த மாதம் மட்டும். ஆனியில் பள்ளிக்கூடம், இந்த மாதம் மட்டும். ஆவணியில் மூன்று கல்யாணம், ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல், மாசியில் குலதெய்வம். சமாதானம் எழுதாத ஒரே மாதம் மார்கழி. அந்த மாதத்திலும் மகளுக்குக் காய்ச்சல் வந்ததாகப் பக்கத்தில் இருக்கிறது. ஓரத்தில் எழுத மறந்திருப்பேன்.

ஒரே பிழை பதினொரு பக்கத்தில் வந்தால் அது அச்சுப் பிழை அல்ல, கையெழுத்துப் பிரதியிலேயே உள்ள பிழை. மாதம் என்ற அளவே தப்பு. மாதச் செலவு என்று ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கு வெளியே, வருடத்துக்கு ஒரு முறை வரும் செலவுகள் பன்னிரண்டு மாதத்திலும் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் வரும்போது விருந்தாளி மாதிரி வருகிறது. அத்தனை விருந்தாளிகளும் வருடா வருடம் வருகிறார்கள் என்பதை நான்தான் பார்க்கவில்லை.

அதிலிருந்து எல்லை வருடத்துக்குத்தான். போன வருடத்து விருந்தாளிகளைச் சொல்கிறேன்: வருடச் சாமான் 9,000, மொய் 24,500, பண்டிகையும் கோயிலும் 13,000, துணிமணி 9,500, வீட்டு வரியும் தண்ணீர் வரியும் 2,600, கல்லூரி 9,000, வீட்டுப் பழுது 8,000. கூட்டினால் 75,600. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,300. சம்பளம் வந்த மறுநாள் அந்த அளவுப் பணத்தை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுவேன். வீட்டில் அதற்கு ‘வருடப் பணம்’ என்று பெயர். மீதியில்தான் மாதம் ஓட வேண்டும். போன வருடம் மாதத்துக்குச் சராசரி 9,700 சொச்சம் ஆகியிருக்கிறது. இந்த ஏற்பாட்டில் புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை, வகுத்தல் கணக்குதான். ஆனால் அதற்குப் பிறகு ஆவணி மாதம் வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்குவதில்லை.

அஞ்சலகத்துக்கு முன் தீபாவளிச் சீட்டு கட்டிக்கொண்டிருந்தேன். பத்து மாதம் கட்டினால் பணமும் ஒரு பாத்திரமும் என்று பேச்சு. ஒரு புரட்டாசியில் சீட்டுப் பிடித்த அம்மாள் வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். 5,500 ரூபாய். அந்தத் தீபாவளிக்குப் பழைய புடவை உடுத்தினேன். பாத்திரம் போன வருத்தம்தான் அத்தைக்கு இன்றும்.

மாதம் என்ற சொல்லின் மேல் எனக்கு ஏற்பட்ட சந்தேகம் பிறகு தீரவே இல்லை. கைப்பேசிக்குப் பணம் கட்டுகிறோமே, அந்த மாதத்துக்கு 28 நாள். ஆக வருடத்துக்குப் பதின்மூன்று முறை கட்ட வேண்டும். கட்டணம் ஏறிய 2024 ஜூலையில்தான் உட்கார்ந்து இதை எண்ணினேன். இப்போது எனக்கும் கணவருக்கும் வருடத்துக்கு ஒரே தடவை கட்டிவிடுகிறேன். மகளுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. அவளுடைய ஆசை, தவணையில் ஒரு புதுக் கைப்பேசி. மாதம் ஆயிரத்துக்கும் குறைவு என்று சொன்னாள். எத்தனை மாதம் என்று கேட்டேன். பதினெட்டு. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பெருக்கினேன். அன்று இரவு அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் அவளே கேட்டாள், அந்த நோட்டில் தனக்கு ஒரு பக்கம் உண்டா என்று. கொடுத்தேன். என்ன எழுதுகிறாள் என்று பார்ப்பதில்லை என வாக்கும் கொடுத்திருக்கிறேன். இரண்டு முறை மீறியிருக்கிறேன்.

வருடச் சாமானில் பெரியது புளி. மாசி பங்குனியில் புதுப் புளி வரும்போது கீழமாசி வீதிக்குப் போய் வாங்கிவிடுவது அத்தை காலத்து வழக்கம். ஓடு நீக்கி, கொட்டை எடுக்காத புளி. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று, பொன்னிறமும் சிவப்பும் கலந்து இருக்க வேண்டும். கறுத்திருந்தால் போன வருடத்துச் சரக்கு. கடைக்காரர் மேலே புதிதும் அடியில் பழையதும் வைத்திருப்பார் என்பது அத்தையின் உறுதியான நம்பிக்கை. அதனால் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத்தான் அள்ளுவார். போன பங்குனியில் முழங்கால் வலியால் அவர் வரவில்லை. நான் கையை விட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, பெரியம்மா சொல்லி அனுப்பினார்களா என்று கேட்டார்.

பன்னிரண்டு கிலோ, கிலோ 75 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து ஒரு நாள் காயவைத்தோம். மறுநாள் காலையில் அத்தை திண்ணையில் அரிவாள்மணையோடு உட்கார்ந்தார். ஒரு சுளையை எடுப்பார், மணையின் மேல் வைத்து நீளவாக்கில் ஓர் இழுப்பு இழுப்பார், கட்டை விரலால் அமுக்குவார். கொட்டைகள் ‘டக் டக்’ என்று முறத்தில் விழும். நாரை உருவி வலப்புறம், சதையை இடப்புறம். பார்க்காமலே செய்வார், பேச்சும் நிற்காது. எனக்கு ஒரு சுளைக்கு அவருக்கு நான்கு. மகள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள், விரலில் கீறிக்கொண்டாள், புளி பட்டு எரிந்தது, எழுந்து போய்விட்டாள். மாலையில் மனம் கேட்காமல் திரும்பி வந்து கொட்டை பொறுக்கினாள். மறுநாள் பிற்பகலில் முடிந்தது. பிறகு ஓர் அடுக்குப் புளி, ஒரு பிடி கல்லுப்பு, மறுபடி புளி என்று பெரிய ஜாடியில் அமுக்கி, வாயை வெள்ளைத் துணியால் கட்டிப் பரணில் ஏற்றினோம். 

கொட்டை போக ஏழே கால் கிலோ தேறியது. கடையில் கொட்டை எடுத்த புளி கிலோ 170. நாங்கள் கொடுத்தது 900. மகள் கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: மிச்சம் முந்நூற்று முப்பது ரூபாய், மூன்று பேர், இரண்டு நாள், ஆளுக்கு நாள் கூலி 55.

அவள் சொன்னது சரிதான். எனக்குப் பதில் இல்லை. இப்படிப் பார்த்தால் வீட்டில் நாங்கள் பெருமையாகச் செய்யும் பல சிக்கனங்களுக்கு இதே கதிதான். வெயிலில் வற்றல் போடுவது, ராமநாதபுரத்து முண்டு மிளகாயை வாங்கிக் காம்பு கிள்ளி மில்லில் அரைத்து, தெருவெல்லாம் தும்ம வைத்து எடுத்து வருவது, சோப்புத் துண்டுகளை ஒட்டுவது, எல்லாம் சேர்த்து வருடத்துக்கு இரண்டாயிரம் மிச்சமானால் அதிகம். அந்தப் பதினெட்டு மாதத் தவணை ஒன்று இவை எல்லாவற்றையும் எட்டு வருடத்துக்குச் சேர்த்து விழுங்கிவிடும். ஆனாலும் புளியை விட எனக்கு மனமில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனதே, அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் தக்காளி வாங்கவில்லை. பரணைப் பார்த்தேன், ஜாடி இருந்தது. புளிக்குழம்பு, வற்றல் குழம்பு, புளி ரசம், புளிச்சாறு. மூன்றாவது வாரம் எல்லோருக்கும் நாக்கு கூசிப்போனது வேறு விஷயம்.

மற்ற சாப்பாட்டுச் செலவில் சொல்ல அதிகம் இல்லை. ரேஷனில் இருபது கிலோ அரிசி இலவசம். அதில் இட்லி தோசைக்குப் போக மீதியை முறுக்கு, புட்டு என்று பார்த்துக்கொள்வோம். சோற்றுக்கு வெளியில் வாங்குகிறோம். சர்க்கரை கிலோ 25, துவரம்பருப்பு 30, பாமாயில் 25, இவை போடுகிற நாளைத் தெரிந்துகொண்டு போய் நிற்பது கணவரின் துறை. காய்கறிக்கு ஞாயிறு காலை அவர் வண்டியை எடுத்துக்கொண்டு அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போவார். 1999இல் தமிழ்நாட்டில் முதன்முதலில் திறந்த சந்தை அது. பத்து மணிக்கு மேல் போனால் கீரைக்கட்டு பாதி விலை, ஆனால் பாதி வாடியிருக்கும். அதைப் பற்றி எங்களுக்குள் வாரா வாரம் நடக்கும் பேச்சு ஒன்று உண்டு, இங்கே வேண்டாம். பால் தினமும் ஒரு லிட்டர் ஆவின் நீலம், 40 ரூபாய், வருடம் 14,600. இதில் கால் லிட்டர் குறைக்கலாம் என்று ஒரு முறை சொன்னேன். காபியில் கை வைத்தால் வீடு இரண்டுபடும் என்று தெரிந்தது. விட்டுவிட்டேன்.

மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். அதற்கு மேலேதான் கணக்கு. 2024 ஜூலையில் விலையும் ஏறியது. அடுப்புக்கு வருடத்துக்கு ஏழு சிலிண்டர், கொண்டு வருபவருக்குக் கொடுப்பதும் சேர்த்து 6,200. பங்குனிக் கடைசியில் ஐம்பது ரூபாய் ஏற்றியிருக்கிறார்கள், அது புது நோட்டில்தான் உறைக்கும். பஸ் செலவு எனக்கும் மகளுக்கும் இல்லை. 2021 மே மாதத்தில் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபோது, அந்த வருட நோட்டில் ‘பஸ்’ என்ற தலைப்பு பாதியிலேயே நின்றுபோயிருக்கிறது. அதற்குப் பிறகு வெற்றுக் கட்டங்கள். என் நோட்டுகளிலேயே அழகான பக்கம் அது.

அரசாங்கம் கொடுப்பதை நம்பி ஏமாந்ததும் உண்டு. 2024 பொங்கலுக்கு ரேஷன் அட்டைக்கு ஆயிரம் ரூபாய் வந்தது. 2025 பொங்கலுக்கும் வரும் என்று வரவுப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். அரிசியும் சர்க்கரையும் கரும்பும் வந்தன, ஆயிரம் வரவில்லை. வராத பணத்தை எழுதி வைத்தது யார் தப்பு? அழித்துவிட்டேன்.

இனி மொய். எங்கள் பக்கம் செய்முறை என்றுதான் சொல்வோம். 24,500 ரூபாய், முப்பத்தொரு விசேஷங்கள். அதில் கணவரின் தங்கை மகளுக்குத் தாய்மாமன் சீர் மட்டும் ஏழாயிரம். 

என் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. அச்சகத்துக்கு வருகிறவற்றில் பாதி கல்யாணப் பத்திரிகைகள். தை பிறந்ததும் மேஜையில் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டுவோம். பெயரில் ஒற்று விடுபட்டிருக்கிறதா, முகூர்த்த நேரமும் தேதியும் கிழமையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சில சமயம் தெரிந்த ஊர், தெரிந்த வீட்டுப் பெயர், தெரிந்த பெரியப்பா. பத்திரிகை என் வீட்டுக்கு வர இன்னும் இருபது நாள் இருக்கும். நான் அதற்குள் கைச்செலவுக் கணக்கில் ஆயிரத்தைக் கழித்திருப்பேன். போன ஆவணிக்கு முன் அப்படி ஒரே நாளில் இரண்டு மெய்ப்புகள், அதாவது திருத்த வேண்டிய அச்சுப் படிகள், வந்தன. ஒன்றில் மணமகன் பெயரில் இருந்த பிழையைத் திருத்தினேன். திருத்தாமல் விட்டால் கல்யாணம் தள்ளிப்போகுமா என்று ஒரு கணம் யோசித்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பத்திரிகை வந்ததும் கணவர் மொய் நோட்டை எடுப்பார். எங்கள் கல்யாணத்து நோட்டு ஒன்று, மகள் காதுகுத்துக்கு 2010இல் எழுதியது ஒன்று. முதலாவதில் மாமனாரின் சாய்ந்த எழுத்து, 51, 101, அங்கங்கே ஒரு குத்துவிளக்கு, ஒரு எவர்சில்வர் குடம். இரண்டாவதில் 501, 1,001. யார் என்ன செய்தார்கள் என்று பார்த்து, அதைத் திருப்பி, மேலே கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். 501க்கு 501 திருப்பினால் கணக்கு முடித்துவிட்டதாக அர்த்தம், உறவையும் சேர்த்து. பெயருக்கு நேரே நாங்கள் திருப்பியதும் ஒரு டிக் போடுவார். இப்போது பல மண்டபங்களில் மடிக்கணினியில் பதிந்து ரசீதே கொடுக்கிறார்கள். ரசீதையும் அந்த நோட்டிலேயே ஒட்டி வைக்கிறார்.

மொய்யை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எங்களுக்குள் பல வருடத் தகராறு. நான் செலவு என்கிறேன். மண்டிக் கணக்கர் அதை வரவேண்டிய பாக்கி என்கிறார். காதுகுத்தில் வந்த 62,000 ரூபாயில்தான் இந்த வீட்டுக்கு ஓடுகளை எடுத்துவிட்டுத் தளம் போட்டோம், அதனால் அது கடன் என்று அத்தை ஒரே போடாகப் போடுவார். மூன்றும் சரியாக இருப்பதுதான் தொல்லை. மளிகையில் ஐம்பது குறைக்க முடிகிறது, துணியில் ஐந்நூறு குறைக்க முடிகிறது. இதில் மட்டும் ஒரு ரூபாய் குறைக்க முடியாது. அந்த ஒற்றை ரூபாயைக்கூட.

தளத்தைச் சொன்னேன் அல்லவா, இப்போது என் முட்டாள்தனம். சித்திரையில் தெரிந்த கொத்தனார் ஒருவர் மாடியைப் பார்த்துவிட்டு, வடமேற்கு மூலையில் விரிசல் விட்டிருக்கிறது, இப்போதே பூசினால் 2,500 ரூபாயோடு போகும் என்றார். வீட்டுப் பழுது என்று அந்த வருடத்துக்கு நான் ஒதுக்கியதே மூவாயிரம். அதில் 2,500ஐ ஒரு விரிசலுக்கு, அதுவும் ஒழுகாத விரிசலுக்குக் கொடுப்பதா என்று தோன்றியது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். நோட்டில் ‘மிச்சம் 2,500’ என்று எழுதிக்கூட வைத்தேன். 

2024 அக்டோபர் 25, தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு, பிற்பகலில் மதுரையில் மழை கொட்டியது. வழக்கமான ஐப்பசி மழை அல்ல; வானத்தைப் பிய்த்துக் கவிழ்த்த மாதிரி. செல்லூர்ப் பக்கம் கால்வாய் நிரம்பித் தெருவுக்கு வந்தது. நான் அச்சகத்திலிருந்து வந்து சேர்ந்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். வாசற்படி உயரம் என்பதால் உள்ளே மொண்டு ஊற்றும் அளவுக்கு வரவில்லை. வர வேண்டியது மேலிருந்து வந்தது. வடமேற்கு மூலையில், விரிசலுக்கு நேர் கீழே, ரேஷன் அரிசி மூட்டை. அத்தை கட்டிலில் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் குடை பிடித்தால் தரித்திரம் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

நனைந்த அரிசியை அன்று இரவே களைந்து, வடித்து, மறுநாள் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி மாவாக்கினோம். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முறுக்கு மட்டும் ஏராளம். விரிசல் அதற்குள் மூலையிலிருந்து பாதித் தளத்துக்கு ஓடியிருந்தது. அதே கொத்தனார் வந்தார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். 8,000 ரூபாய். ஒதுக்கிய மூவாயிரம் போக ஐயாயிரம் வேண்டும். தீபாவளித் துணியில் கொஞ்சம், குலதெய்வம் கோயிலுக்கு வேனில் போவதற்குப் பதில் பஸ்ஸில் போனதில் கொஞ்சம் என்று பாதியை இழுத்துக் கட்டினேன். மீதிப் பாதிதான் அந்த 2,500.

மருத்துவச் செலவு 11,400. இதில் பெரும்பகுதி கணவரின் பல். அத்தைக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை மாதா மாதம் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதனால் அவருடைய கணக்கில் செலவே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 

கணக்கில் நான் வெறுக்கும் சொல் ஒன்று உண்டு: ‘இதர’. மெய்ப்பில் ஒரு வரி புரியாவிட்டால் நாங்கள் ஓரத்தில் கேள்விக்குறி போடுவோம். ‘இதர’ என்பது அந்தக் கேள்விக்குறியைப் போடச் சோம்பல்படுகிறவர்கள் கண்டுபிடித்த சொல். கணவர் தன் கைச்செலவை எழுதும்போது டீ, பெட்ரோல், முடிவெட்டு என்று எழுதிவிட்டுக் கடைசியில் ‘இதர 25’ என்று முடிப்பார். குரோதி நோட்டைக் கூட்டும்போதுதான் கவனித்தேன், ‘இதர 25’ வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருகிறது. ஒரு வெள்ளி தவறவில்லை. மழை பெய்த அந்த வெள்ளிக்கிழமையில்கூட இருக்கிறது. ஐம்பத்திரண்டு வெள்ளி, 1,300 ரூபாய்.

கேட்டேன். மண்டிச் செலவு என்றார். மண்டிக்காரர்தானே கொடுக்க வேண்டும் என்றேன். சந்தைக்கு நேரமாகிவிட்டது என்றார். அன்று வெள்ளி.

அடுத்த வாரம் வேலையிலிருந்து கொஞ்சம் முன்னதாக வந்தேன். அத்தையின் கட்டிலுக்கு அடியில் சின்னத் தூக்குவாளி ஒன்று, மூடியில்லாமல். எடுத்து முகர்ந்து பார்த்தேன். சுக்கு, ஏலக்காய், கருப்பட்டி. அடியில் ஒரு மிடறு பருத்திப்பால் மிச்சம். எங்கள் தெருமுனைக்கு மாலையில் வருகிற தள்ளுவண்டியில் ஒரு தம்ளர் 25 ரூபாய். சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டி போட்ட பருத்திப்பாலை ஒரு வருடமாக ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார் மகன். மழையன்று முழங்கால் தண்ணீரிலும் போய் வாங்கியிருக்கிறார். அதற்குள் ஒன்றும் அறியாதவர் மாதிரி அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் அத்தையின் போன மாதச் சர்க்கரை அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். முந்தைய மாதத்தைவிட அதிகம்தான், பயப்படும்படி இல்லை. இரவு புது வருடமான விசுவாவசுவின் நோட்டில் தலைப்புகள் எழுதும்போது, ‘இதர’ என்ற தலைப்பே இந்த வருடம் கிடையாது என்று அறிவித்தேன். கணவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அப்படியானால் பருத்திப்பாலுக்கு ஒரு தலைப்புப் போடு என்றார். அத்தை இருட்டிலிருந்து, விலை முப்பது ஆகப்போகிறதாம், அதற்கும் சேர்த்துப் போடு என்றார். 

மருத்துவத்தின் கீழ் எழுதுவதா, பண்டிகையின் கீழ் எழுதுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்குப் பென்சிலால் 1,560 என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.